அம்பாசிடருக்கு டிஜிட்டல் வெப்ப மீட்டர்: சென்சாரை எங்கே பொருத்துவது?

பழைய அம்பாசிடரில் கூடுதலாக ஒரே ஒரு மீட்டர் வைக்கலாம் என்றால், அது கூலன்ட் வெப்பத்தைக் காட்டும் மீட்டராகத்தான் இருக்க வேண்டும். பழைய முள் குளிருக்கும் சூட்டுக்கும் நடுவே ஆடும். எத்தனை டிகிரி என்று சொல்லாது. அது கடைசிக் கோட்டைத் தொடுவதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விடலாம். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டர் செட் ஒன்றை வாங்கி, 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் பொருத்திப் பார்த்தேன். பெட்டிக்குள் மீட்டர், ஒற்றை ஒயர் சென்சார், ரேடியேட்டர் மேல் ஹோஸின் நடுவே செருகும் அலுமினிய அடாப்டர் ஆகியவை இருந்தன.

மீட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்சாரின் உடலுக்கு எர்த் ஒயர் கொடுத்து, நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தபோது 99 காட்டியது. நண்பகல் வெயிலிலும் எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் சென்சார் உட்காரும் இடம் தவறினால் இவ்வளவு நல்ல மீட்டரும் பயன்படாது.

தண்ணீர் போகும் வழி

இது மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின். முன்னாலிருக்கும் வாட்டர் பம்ப் தள்ளும் தண்ணீர் பிளாக்கைச் சுற்றி, ஹெட்டுக்கு ஏறி, ஹெட்டின் முன்முனையில் உள்ள தெர்மோஸ்டாட் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. இந்த ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே துவாரத்தில் சேர்கிறது. அதனால் நடுப்பகுதிக்குச் சூடு அதிகம். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே வந்து கூடுகிறது. நமக்குத் தெரிய வேண்டியது அந்த இடத்துச் சூடு.

மேல் ஹோஸ்

ஹோஸை வெட்டி, அடாப்டரைச் செருகி, கிளிப் இறுக்கினால் வேலை முடிந்தது. ஒப்பிடுவதற்காக ஹெட்டிலும் இன்னொரு சென்சார் போட்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட் சென்சார் சீராக ஏறி 70-ஐத் தாண்டியது. ஹோஸ் சென்சார் 40-க்குப் பக்கத்திலேயே நின்றது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் அது விறுவிறுவென்று ஏறியது. ஓட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? ஹெட் கொதிக்கும், மீட்டர் ‘எல்லாம் நலம்’ என்று காட்டும். எந்த ஆபத்துக்காக மீட்டர் வாங்கினோமோ, அந்த நேரத்தில்தான் அது கைவிடும்.

இன்னொரு சிக்கல் எர்த். ஒற்றை ஒயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. இரு பக்கமும் ரப்பர் என்பதால் அடாப்டருக்குத் தனி எர்த் ஒயர் கொடுக்காவிட்டால் எண் சரியாக வராது.

மற்ற இடங்கள்

தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றி, லேத் பட்டறையில் துளை போட்டு மரை வெட்டலாம். எர்த் பிரச்சினை தீரும். ஆனால் அதுவும் தெர்மோஸ்டாட்டுக்கு மேலே இருப்பதால் ஹோஸின் பெரிய குறை இதற்கும் உண்டு. தெர்மோஸ்டாட் விளிம்பில் 3 மி.மீ. துளை இருந்தால் கொஞ்சம் தண்ணீர் கசிந்து வரும். தாமதம் குறையும், அவ்வளவுதான். கீழ் ஹோஸில் போட்டால் ஆறிய தண்ணீரின் அளவுதான் கிடைக்கும். ரேடியேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க அது உதவும். இன்ஜினைக் காக்க உதவாது.

ஹெட்தான் சரியான இடம்

பி-சீரிஸ் ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, சென்சாருக்கென்றே ஒரு துளை உண்டு. புதிய சென்சாரின் மரை 1/8 அங்குல என்பிடி. துளை அதைவிடப் பெரியது. லேத்தில் ஒரு பித்தளை புஷ் கடைந்துகொள்ளுங்கள். நுனி தண்ணீர் ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பழைய முள்ளையும் வைத்துக்கொள்ளலாம் என்று டி-ஜாயின்ட் போடாதீர்கள்; நுனி ஓட்டத்தை விட்டு வெளியே வந்துவிடும், எண் குறைவாகக் காட்டும். புதிதாகத் துளை போடுவதானால் ஹெட்டைக் கழற்றாமல் கை வைக்க வேண்டாம். இரும்புத் தூள் தண்ணீர்ப் பாதைக்குள் போய்விடும்.

டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் அறுபடும். பொருத்திய பின் சென்சார் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் ஓம் வர வேண்டும். பழைய பிஎம்சி கார்கள் பல பாசிட்டிவ் எர்த். 1967 வரை வந்த எம்ஜிபி அப்படித்தான். அத்தகைய காரில் டிஜிட்டல் மீட்டரை நேரடியாக இணைக்கக் கூடாது.

எந்த இடத்தில் போட்டாலும் ஒரு எல்லை உண்டு. தண்ணீர் குறைந்து நுனி வெறும் காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்தாலும் எண் குறைவாகவே காட்டலாம். ஆகவே மீட்டர் இருக்கிறதே என்று காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

தீர்ப்பு

மீட்டரைத் தாராளமாக வாங்கலாம். கூட வரும் ஹோஸ் அடாப்டரைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். 7 பிஎஸ்ஐ ரேடியேட்டர் மூடி இருந்தால் வெறும் தண்ணீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ஹெட்டில் பொருத்திய சென்சார் 82 முதல் 95 வரை காட்டினால் நிம்மதியாக ஓட்டுங்கள். 105-ஐத் தொட்டால் யோசிக்காமல் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.