கால் படாத மண்

சினிமா விமர்சனம் எழுதுகிறவர்கள் கதாநாயகனின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவன் நிற்கிற தரையைப் பார்ப்பதில்லை. 2014-இல் வெளிவந்த 'கோச்சடையான்' விஷயத்திலும் இதுதான் நடந்தது. ஸௌந்தர்யா ரஜினிகாந்த் டைரக்ட் செய்த அந்தப் படத்தில், நடிகர்களின் அசைவைக் கருவிகளால் பதிவு செய்து, உருவங்களையும் அவர்கள் உலவும் உலகத்தையும் கம்ப்யூட்டரில் உண்டாக்கினார்கள். கதாநாயகனின் முகம் பொம்மையாகிவிட்டதென்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். என் கண்ணை உறுத்தியது மண்தான். குதிரைகள் ஓடுகின்றன, சேனைகள் மோதுகின்றன; தரைக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

கம்ப்யூட்டரில் நிலம் செய்வது எப்படி? மேடுபள்ளமாக ஒரு வலை பின்னி, அதன்மேல் மண்ணின் படத்தையோ பாறையின் படத்தையோ போர்த்துகிறார்கள். இந்தப் போர்வைக்குத்தான் டெக்ஸ்ச்சர் என்று பெயர். ஒரு சிறு படத்தையே திரும்பத் திரும்ப ஒட்டினால், சேலைக் கரைப் பூவைப்போல அச்சு தெரிந்துவிடும். 'ட்ரான்' (1982) என்ற அமெரிக்கப் படத்தில் வேலை செய்த கென் பெர்லின், அந்த யந்திரத் தோற்றம் பிடிக்காமல், இயற்கையின் தாறுமாறைப் போலத் தோன்றும் ஒரு கணக்கை 1983-இல் கண்டுபிடித்தார். ஆஸ்கார் அகாடமி 1997-இல் அதற்குத் தொழில்நுட்பப் பரிசு அளித்தது.

ஆனால் தாறுமாறாக இருப்பதெல்லாம் நிலமாகிவிடுமா? நாமக்கல் கோட்டைப் பாறையைப் பாருங்கள். சுமார் 200 அடி உயரமுள்ள ஒரே கல். மேலிருந்து கீழே இறங்கும் கறுப்புப் பட்டைகள் மழைத் தண்ணீர் வழிந்த தடங்கள். செங்குத்தில் மண் நிற்காது. மண் தங்கிய வெடிப்பில்தான் புல் முளைக்கும். சேலத்து வெள்ளைக்கல் சுரங்க மேடுகள் வெளுத்துக் கிடப்பது மனிதன் வெட்டியதால். எங்கள் பக்கத்து இட்டேரியில் வண்டித்தடம் பள்ளமாகவும் நடுவில் புல்லாகவும் இருப்பதற்குச் சக்கரம் காரணம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

இதை விஞ்ஞானிகள் அறியாதவர்களல்ல. 1989-இலேயே மஸ்கிரேவ், கோல்ப், மேஸ் என்ற மூவர் கணக்கிலேயே மழை பெய்யவிட்டு, கம்ப்யூட்டர் மலையை அரிக்கச் செய்தார்கள். சரிவைப் பார்த்துப் பாறையையும், பள்ளத்தைப் பார்த்து வண்டலையும் போர்த்தினால் நிலத்துக்கு உயிர் வந்துவிடும். தூரத்துக்கு ஒரு போர்வை, கிட்டத்துக்கு ஒரு போர்வை என்று மாற்றவும் வேண்டும்.

ஹாலிவுட்டின் பணம் நம்மிடம் இல்லை என்பார்கள். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலரில் எடுத்தபோது அந்தப் பணம் இருந்ததா? அங்கே காண்பது செட் என்று நமக்குத் தெரியும், டி. ஆர். சுந்தரமும் அதை நிஜமென்று சாதிக்கவில்லை. மாயக்கதைக்கு அது போதும். 'கோச்சடையான்' நிஜத்தைப்போல இருக்க ஆசைப்பட்ட படம். அப்படி ஆசைப்படுகிறவர்களிடம் மண்ணைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அடுத்த படம் எடுக்கிறவர்கள் புதிய மெஷின் வாங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு கோடையும் ஒரு ஐப்பசியும் மேட்டாங்காடுகளில் நடந்துவிட்டுப் போகட்டும். அதற்குச் செலவும் அதிகமில்லை.