திரையில் வந்த அப்துல் ரகுமான்கள்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் விளையும் கரிசல். குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களைவிட மணல் காயும் நாள்களே மிகுதி. அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இந்நிலத்து மக்கள், 1977 ஜூன் மாதத்தில் ஒரு திரைப்பட நடிகரைத் தம் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். அம்மாதம் 30ஆம் நாள் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். மதுரை மேற்கையும் ஆண்டிப்பட்டியையும் நினைவில் வைத்திருக்கும் பலர், எம்.ஜி.ஆர். முதன்முதலில் முதலமைச்சரானது அருப்புக்கோட்டையின் உறுப்பினராகத்தான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

அவருக்கு வாக்களித்தோருள் நம் சமுதாயத்தாரும் இருந்தனர். இதில் ஒரு விந்தை உண்டு. கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்த வீடுகள் நம்முடையவை. 'கூத்தாடிப் பிழைப்பு' என்ற சொல் நம் அத்தாமார் வாயில் வசைச்சொல். அப்படியிருக்க, திரையில் வாழ்ந்த ஒருவரை இவ்வீடுகள் எவ்வாறு தம்மவராக எண்ணின? கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டு ஒரு காரணம். உம்மாமார் அறியாமல் டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் அமர்ந்துவிட்டு வந்த பிள்ளைகள் சொன்ன கதை மற்றொரு காரணம். அக்கதைகளில் நம் பெயர் தாங்கியவர் ஒருவர் வந்தார். அவர் நல்லவராகவும் வந்தார். நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது இந்த மூன்றாவது காரணத்தைத்தான்.

1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம்: செஞ்சியின் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் அவரே தோன்றினார். தேசிங்குராசன் கதைப்பாடலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அம்மன்னனின் முஸ்லிம் நண்பன் புதியவன் அல்லன். தன் மணப்பந்தலை விட்டெழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்தவன் அவன். நாட்டுப்புற மக்கள் தம் நாவில் காத்துவந்த அந்த நட்பைத் திரையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டது.

அடுத்தது 1974இல் வெளிவந்த 'சிரித்து வாழ வேண்டும்'. முந்தைய ஆண்டு இந்தியில் பெருவெற்றி பெற்ற 'சஞ்சீர்' படத்தின் தமிழாக்கம் இது. இந்தியில் காவல் அதிகாரியாக அமிதாப் பச்சனும், அவருக்குத் தோள்கொடுக்கும் பட்டாணிய நண்பன் ஷேர்கானாகப் பிராணும் நடித்தனர். இரு வேறு முகங்கள், இரு வேறு குரல்கள், முதலில் பகை, பிறகு நட்பு. தமிழில் அந்த அதிகாரியும் எம்.ஜி.ஆர்., அப்துல் ரகுமான் என்ற நண்பரும் எம்.ஜி.ஆர். தாமே.

இதை இருவிதமாக நோக்கலாம். தமிழ்நாட்டின் தலைசிறந்த கதாநாயகர், ஒரு முஸ்லிமின் பெயரையும் உடையையும் தாமே விரும்பி ஏற்றார். அதைத் துணை நடிகர் ஒருவருக்குத் தள்ளிவிடவில்லை. அந்த நாளில் நம் இளைஞர்கள் அதைப் பெருமையாகவே கொண்டனர், நாமும் கொண்டோம். ஆனால் ஆண்டுகள் கழிந்து நிதானமாகப் பார்க்குங்கால் இன்னொன்றும் புலனாகிறது. நட்புக்கு இருவர் வேண்டும். கதாநாயகர் தம் நண்பராகவும் தாமே நின்றுவிட்டபோது, எதிரே நின்று பேச, பிணங்க, பிறகு இணங்க ஒரு முஸ்லிம் முகம் திரைக்குத் தேவைப்படாமற் போயிற்று. அன்பு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. எம்.ஜி.ஆர். படங்களின் இலக்கணமே அப்படி: எல்லா நற்குணமும் ஒருவரிடம் குவிய வேண்டும். அக்குவியலில் நம் அப்துல் ரகுமானும் ஒரு பிடி.

சிவாஜி கணேசன் 1961இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் ரகீமாக வந்தார். பீம்சிங் இயக்கிய அப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள் இணைந்து பாடிய பாடல் நம் வீடுகளில் பெருநாள் பாடலாகவே நிலைத்துவிட்டது. ரகீம் பண்பாளன், மறுப்பதற்கில்லை. ஆயினும் கதையின் முடிச்சு அவிழும்போது அவன் பிறப்பால் வேறு வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. வளர்ப்பால் முஸ்லிம், பிறப்பால் அல்லன். மத வேற்றுமை பிறப்பில் இல்லை என்று சொல்லவே அக்கதை அவ்வாறு அமைந்தது என்பதை நாம் அறிவோம். நோக்கம் உயர்ந்தது. எனினும், முஸ்லிமாகப் பிறந்து, முஸ்லிமாக வளர்ந்து, கடையும் கடனும் பிள்ளைகளின் படிப்புமாக வாழும் ஒரு சாதாரண மனிதனைக் கதைக்கு நடுவே நிறுத்தும் துணிவு அன்றைய திரைக்கு வந்திருக்கவில்லை.

மீண்டும் அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கே வருவோம். இங்குள்ள ராமானுஜபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1952இல் பிறந்து, மதுரையில் வளர்ந்து, 1979இல் திரைக்கு வந்தவர் விஜயகாந்த். அவருடைய திரைவாழ்வை எழுதப் புகும் எவரும் இப்ராஹிம் ராவுத்தர் என்ற பெயரைத் தவிர்க்க இயலாது. மதுரையில் தொடங்கிய இளமை நட்பு அது. நண்பருக்காகக் கதை கேட்டவர், இயக்குநரைத் தேர்ந்தவர், படம் எடுத்தவர் ராவுத்தர். திரைப்படக் கல்லூரியில் பயின்று வந்த ஆர்.கே. செல்வமணியை நம்பி அவர் எடுத்த 'புலன் விசாரணை' 1990இல் வந்தது. மறு ஆண்டு வந்த 'கேப்டன் பிரபாகரன்' விஜயகாந்துக்கு நூறாவது படம். இறுதிவரை அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'கேப்டன்' பட்டம் அப்படத்தின் கொடை. கறுத்த நிறமும் நாட்டுப்புற உச்சரிப்பும் கொண்ட ஓர் இளைஞர் கதாநாயகராக நிலைபெற்றதில் ஒரு ராவுத்தரின் கைம்முதலும் கணிப்பும் இருந்தன என்பது நாம் மகிழ்ந்து நினைவுகூரத்தக்க செய்தி. பின்னாளில் இருவரும் பிரிந்தனர். அதன் காரணங்களைக் கிளறுவது நம் வேலையன்று. ராவுத்தர் 2015இல் மறைந்தார். 2005இல் கட்சி கண்டு, 2011இல் எதிர்க்கட்சித் தலைவராகவும் அமர்ந்த விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்தார். மறு ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அருப்புக்கோட்டையை உள்ளடக்கிய விருதுநகர்த் தொகுதியில் அவர் மகன் நின்று, 4,379 வாக்குகளில் வெற்றியை இழந்தார். எம்.ஜி.ஆர். காலத்துக்கு நாற்பத்தேழு ஆண்டுகள் பின்னரும் இக்கரிசல் திரையின் குரலுக்குச் செவிசாய்க்கிறது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. நிஜ வாழ்வில் இத்துணை ஆழமாக இருந்த அந்த நட்பு திரையில் என்னவாயிற்று? 1992இல் 'ரோஜா' வந்தபின், தமிழ்த் திரையில் முஸ்லிம் பெயர் பெரும்பாலும் துப்பாக்கியோடு சேர்ந்தே ஒலிக்கத் தொடங்கியது. விஜயகாந்தின் 'வல்லரசு' 2000இல் வெளிவந்தபோது அவர் எதிர்த்துப் போராடியது வாசிம்கான் என்ற பயங்கரவாதியை. நாட்டுக்கு ஊறு செய்பவனை வீழ்த்தும் கதையில் நமக்கு வழக்கில்லை. நாட்டுப்பற்று நமக்கும் உரியதே. ஆனால் ஒரு படத்தில் வாசிம்கான் வந்தால், அதே திரையில் ஓர் இப்ராஹிம் ராவுத்தரும் வரவேண்டாமா? அதைக் காட்டும் தகுதி அந்த நடிகருக்கே எவரினும் மிகுதியாக இருந்தது. தம் வாழ்வில் கண்டதைச் சொன்னாலே போதுமாயிருந்தது.

முஸ்லிமாகப் பிறந்த நடிகர்களின் நிலை எவ்வாறு? இங்கே நமக்குப் பெருமையும் ஏக்கமும் ஒருங்கே உண்டு. கீழக்கரையில் பிறந்து, படங்களை வாங்கி விற்கும் தொழிலில் தொடங்கி, தயாரிப்பாளராகி, 1991இல் 'என் ராசாவின் மனசிலே' படத்தின் மாயாண்டியாக நாடறிந்தவர் ராஜ்கிரண். வேட்டியை மடித்துக் கட்டி அவர் நிற்கும் நிலையில் தென்பாண்டி நாட்டு உழவனின் உடல் அப்படியே தெரிகிறது. 'நந்தா'வின் பெரியவர், 'சண்டக்கோழி'யின் துரை, 'கொம்பன்' படத்து மாமனார் என அவர் ஏற்றவை யாவும் இந்த வறண்ட நிலத்தின் மூத்தோர் முகங்கள். செங்கல்பட்டிலிருந்து வந்த நாசர் 1985இல் பாலசந்தரின் 'கல்யாண அகதிகள்' வழியாக அறிமுகமாகி, 'தேவர் மகன்' படத்தில் மாயத்தேவராக நம்மை நடுங்க வைத்தார். ஒரு முஸ்லிம், தேவர் சமூகத்தின் குடும்பப் பகையை உள்ளிருந்து நடித்துக் காட்டினார் என்றால், கலைக்கு வேலி இல்லை என்பது மெய்தானே.

1995இல் வந்த 'பம்பாய்' இதற்கு இன்னும் அழகான சான்று. அதில் மகன் முஸ்லிம் பெண்ணை மணந்ததால் கொதிக்கும் நாராயண பிள்ளையாக நடித்தவர் நாசர். அப்பெண்ணின் தந்தை பஷீராக நடித்தவர் 'கிட்டி' எனப்படும் ராஜா கிருஷ்ணமூர்த்தி. இரு நடிகர்களும் ஒருவர் வீட்டை ஒருவர் மாற்றிக்கொண்டனர்! பேரப்பிள்ளைகளை முன்னிட்டு அவ்விரு கிழவர்களும் சண்டையிடும் காட்சிகளில் யார் எந்த மதத்தவர் என்பதே மறந்துபோகிறது. அப்படத்தின் அரசியல் குறித்து நம்மவர்க்குப் பல குறைகள் உண்டு, நமக்கும் உண்டு. ஆயினும் அந்த இரு தந்தையரைப் பொறுத்தமட்டில் பஷீருக்கும் பிள்ளைக்கும் சமமான பிடிவாதமும், சமமான பாசமும், சமமான சாவும் தரப்பட்டன. பஷீர் நல்லவராகவே இருக்கும்படி நிர்ப்பந்திக்கப்படவில்லை. கோபிக்கிறார், வீம்பு பேசுகிறார், இறங்கி வருகிறார். நாம் கேட்பதெல்லாம் இவ்வளவே. தியாகியாகவோ பாதகனாகவோ அன்றி, மனிதனாக.

இனி நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். இல்லையேல் இவ்விமர்சனம் ஒருதலைப்பட்சமாகும். இதே கரிசல் பரப்பில் எட்டயபுரம் இருக்கிறது. அவ்வூரின் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறு, நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். புராணம் என்பது பிறருடைய வடிவம் என்று அவர் ஒதுங்கவில்லை. அரபு நாட்டை வருணிக்கத் தமிழ் மரபின் நாட்டுப் படலத்தையே கையாண்டார். அவரைப் போற்றும் நாம், இருபதாம் நூற்றாண்டில் புதியதொரு வடிவம் வந்தபோது செய்தது என்ன? மார்க்கம் விலக்கும் ஆபாசத்தை விலக்கியது சரியே. ஆனால் அத்துடன் நிற்காமல், அக்கலையைக் கற்பதையும் அதில் நம் கதையைச் சொல்வதையும் சேர்த்தே விலக்கிவிட்டோம். படம் வாங்கி விற்றோம், பணம் போட்டோம். நம் வீட்டுக் கதையை எழுதி எவரிடமும் நீட்டவில்லை. தோப்பில் முகமது மீரான் 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அந்த நாவலைப் பிடித்துக்கொண்டு எத்தனை முஸ்லிம் தயாரிப்பாளர்கள் இயக்குநர்களைத் தேடிப் போனார்கள்?

2013இல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து நம் அமைப்புகள் எழுந்தன. அரசு தடை விதித்தது. சில மாற்றங்களுடன் பிப்ரவரி 7ஆம் நாள் படம் வெளிவந்தது. மனவருத்தம் பொய்யன்று. ஆனால் அப்படத்தின் கதாநாயகனே ஒரு முஸ்லிம் உளவு அதிகாரி என்பதை அன்று எத்தனை பேர் அமைதியாக ஆராய்ந்தோம்? மனு எழுத நூறு பேர் முன்வந்த இடத்தில் திரைக்கதை எழுத நான்கு பேர் இல்லை. அதைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

சின்னத்திரையைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. 1993இல் தனியார் தொலைக்காட்சி வந்தபின் நடிகர்கள் நம் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். மாலைத் தொடர்களைப் பார்க்காத நம் வீடுகள் குறைவு. கொட்டகையைத் தடுத்த கை இதைத் தடுக்கவில்லை. அத்தொடர்களின் மாமியார் மருமகள் சண்டை நம் பெண்களுக்கு மனப்பாடம். நம் வீட்டுக்கென அங்கே ஒதுக்கப்பட்டது நோன்பு மாதத்தின் சஹர் நேரத்துச் சொற்பொழிவு. ஊர் உறங்கும் வேளையில் நாம் நமக்கே தோன்றி, நாமே பார்த்துக்கொள்கிறோம்.

சேரன் இயக்கிய 'தவமாய் தவமிருந்து' 2005இல் வெளிவந்தது. பிள்ளைகளைப் படிக்கவைக்க அல்லும் பகலும் உழைக்கும் சிறு அச்சகக்காரர் முத்தையாவாக ராஜ்கிரண் நடித்தார். நெடுங்காலம் கழித்து அதை நாம் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, உடனிருந்த முதியவர் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தொண்டி, கீழக்கரை, அருப்புக்கோட்டை என்று மூன்று ஊர்களிலும் உறவுள்ள பெண்மணி, எம்.ஜி.ஆருக்கு வாக்களித்தவர். சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் அந்தத் தகப்பனைக் காட்டி, "எங்க அத்தாவும் இப்படித்தான் எங்களக் கூட்டிட்டுப் போவாக" என்றார். நடித்தவர் கீழக்கரையில் பிறந்தவர் என்று நாம் சொன்னதும் அவருக்கு வியப்பு. சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "அப்பிடின்னா, இதே மாதிரி ஒரு அத்தா பெருநாள் தொழுகைக்குப் புள்ளயச் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போற படம் எது வாப்பா? அதப் போடுங்க, பாப்போம்."

நாம் யோசித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.