பாலசந்தரின் மூன்றாவது களம்

சொந்த ஊர் மைதானத்தில் சதங்களைக் குவித்த ஆட்டக்காரனைப் பழக்கமில்லாத வேற்று ஆடுகளத்திலும் பார்த்த பிறகே அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அலசுபவர்களின் சம்பிரதாயம். கே. பாலசந்தருக்கு நாடகம் முதற்களம், சினிமா இரண்டாவது. அவருடைய சாமர்த்தியத்தை அளந்தறிய ஏற்ற இடம், அவ்விரண்டிலும் பேர் பெற்ற பிறகு துணிந்து இறங்கிய மூன்றாவது களமாகிய தொலைக்காட்சியே என்பது என் அபிப்பிராயம்.

1930 ஜூலை 9ஆம் தேதி நன்னிலத்தருகே பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1949இல் பட்டம் பெற்ற அவரைச் சிதம்பரவாசிகள் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில், ரயில் பாதைக்குக் கிழக்கே விரிந்து கிடந்த அந்தக் கலாசாலையில் வகுப்போடு நாடக மேடையும் அவருக்குப் பாடமாயிற்று. கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்களும் கல்லில் நிற்கும் ஊர் அது. ஓர் அசைவை அதன் உச்சத்தில் நிறுத்திக் காட்டும் அந்தச் சிற்பிகளின் கண், அவ்வூரில் படித்த இந்த மாணவருக்கும் வாய்த்திருந்தது என்று எண்ண எனக்கு ஆசையுண்டு.

பிறகு முத்துப்பேட்டையில் ஆசிரியர் வேலை. சென்னையில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம். அலுவலகம் முடிந்த மாலைப் பொழுதுகளில் பிறந்தவையே 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி' முதலிய நாடகங்கள். 1964இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதி, மறு வருஷமே 'நீர்க்குமிழி'யைப் படமாக இயக்கினார். ஏறக்குறைய முழுக் கதையையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடத்திக் காட்டிய அந்தப் படத்தில், பாத்திரம் எந்தச் சமயத்தில் உள்ளே வரவேண்டும், எந்த வார்த்தையோடு திரை விழவேண்டும் என்ற மேடை அப்பியாசம் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. அதே 1965இல்தான் கடலூர் தந்த ஜெயகாந்தனும் 'உன்னைப்போல் ஒருவன்' மூலம் இயக்குநரானார். அவர் சில முயற்சிகளுக்குப் பின் எழுத்துக்கே திரும்பிவிட்டார். பாலசந்தரோ ஒவ்வொரு புதிய சாதனத்தையும் தேடிச் சென்றார்.

தூர்தர்ஷனில் 'ரயில் சினேகம்' வந்தபோது, வெள்ளித்திரையில் கொடிகட்டிப் பறந்தவர் சின்னத்திரைக்கு ஏன் வருகிறார் என்று கேட்டவர்களுக்கு, அடுத்து வந்த 'கையளவு மனசு', 'காதல் பகடை', 'பிரேமி' ஆகிய தொடர்களே விடையாயின. சின்னத்திரையில் விஸ்தாரமான காட்சிக்கு இடமில்லை. ஒரு கூடம், இரண்டு முகங்கள், அவற்றினிடையே ஒரு சம்பாஷணை, அவ்வளவே மூலதனம். மேடையில் வளர்ந்தவருக்கு அது குறையாகவே படவில்லை. மரணத்தை எதிர்நோக்கும் தாயொருத்தி தன் குழந்தைகளுக்குப் புகலிடம் தேடும் 'கையளவு மனசு' கதையில், அத்தாயாக வந்த கீதாவின் முகத்தை நெருங்கி நின்று காமிரா காத்திருக்கும் கணங்கள், பெரிய திரைக்கு அவர் ஆக்கிய பல காட்சிகளைவிட என் மனத்தில் ஆழமாகப் பதிந்தவை. நாடகத்தின் அங்க முடிவில் ரசிகனைத் தவிக்கவிடும் வித்தை கைவந்தவராதலால், அடுத்த வாரம் வரை வீட்டுக்கு வீடு அதையே பேச வைக்கும் முடிச்சைப் போடுவதற்கு அவர் பிரயாசைப்பட வேண்டியிருக்கவில்லை.

பலவீனமும் உண்டு. முடிவை நோக்கிக் கதையை இறுக்கிச் செல்வது அவருடைய இயல்பு. முடிவை ஒத்திப்போட்டுக்கொண்டே போவது நெடுந்தொடரின் லட்சணம். இரண்டும் மோதும்போது தொடரே ஜெயித்தது. தம் 'சிந்து பைரவி' படத்தின் தொடர்ச்சியாக ஜெயா டிவிக்கு அவர் ஆக்கிய 'சஹானா' இதற்குச் சான்று. குழந்தையைப் பைரவியிடம் ஒப்படைத்துவிட்டுச் சிந்து அகன்ற இடத்தில் அந்தப் படம் பூரணமாகிவிட்டது. அதற்குமேல் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் அந்த மௌனத்தின் கனத்தைக் குறைத்தது.

ஆயினும் தயாரிப்பாளர் பாலசந்தரைச் சேர்க்காமல் இந்தக் கணக்கை முடிக்க இயலாது. அவருடைய மின் பிம்பங்கள் ஸ்தாபனத்திலிருந்தே நாகாவின் இயக்கத்தில் 'மர்மதேச'மும் 'ரமணி வெர்ஸஸ் ரமணி'யும் வெளிவந்தன. 'மர்மதேச' வரிசையில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு', கிராம தெய்வத்தையும் மனோதத்துவத்தையும் பிணைத்துப் பயமூட்டிய கதை. பாலசந்தர் பாணிக்கு முற்றும் அந்நியமானது. தம்மிடமிருந்து மாறுபட்ட ஒரு கற்பனைக்குத் தம் கூடாரத்தில் முழுச் சுதந்திரம் அளித்தாரே, அதுவே இந்தக் களத்தில் அவருடைய தலைசிறந்த ஆட்டம் என்பேன். தாதா சாகேப் பால்கே விருது பெற்று, 2014 டிசம்பர் 23 அன்று மறைந்த அவரைப் பற்றிய புகழுரைகளில் இந்தப் பகுதிக்குக் கிடைத்தது ஓரிரு வாக்கியங்களே.

அண்ணாமலைநகரில் இன்று பயிலும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: 'கையளவு மனசு', 'விடாது கருப்பு' இரண்டிலும் ஒவ்வொரு பகுதியை அடுத்தடுத்துப் பாருங்கள், காட்சி எங்கே தொடங்கி எங்கே அறுபடுகிறது என்று குறித்துக்கொண்டு பாருங்கள். அவரைப் பட்டதாரியாக்கிய பல்கலைக்கழகமும் அத்தொடர்களின் பிரதிகளைத் திரட்டித் தன் நூலகத்தில் வைத்துக் காக்க முன்வரட்டும்.