ஹைலக்ஸா, ஃபார்ச்சூனரா? டீசல் கணக்கு சொல்லும் தீர்ப்பு

வண்டி எதுவானாலும் நம் ஊரில் முதலில் வந்து விழும் கேள்வி, ‘எவ்வளவு கொடுக்குது?’ என்பதுதான். 40 லட்சத்தைத் தாண்டிய வண்டியாக இருந்தாலும் அந்தக் கேள்வி மாறுவதில்லை. கேட்பதில் தப்பே இல்லை. வண்டியின் விலையை ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. டீசலுக்கு வாரா வாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிக்கப் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களைப் பின்வாங்க வைப்பதும் இந்தக் கேள்விதான். ‘பிக்கப் என்றால் லாரி மாதிரி குடிக்கும், அதற்கு எஸ்யூவியே மேல்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இதைச் சோதித்துப் பார்க்க டொயோட்டாவின் ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும்போலப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. இரண்டும் பெங்களூருவை அடுத்த பிடதி ஆலையில் தயாராகின்றன. இரண்டிலும் ஒரே 2.8 லிட்டர் டீசல் இன்ஜின், ஒரே 204 குதிரைசக்தி. ஆட்டோமேட்டிக் என்றால் இரண்டிலும் 500 நியூட்டன் மீட்டர் டார்க், டேங்க்கும் 80 லிட்டர். ஒன்றின் பின்னால் மூன்றாவது வரிசை இருக்கை, மற்றொன்றின் பின்னால் திறந்த லோடு பாடி. ஃபோர் வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் மாடல்கள் இரண்டையும் நகரத்திலும் நான்குவழிச் சாலையிலும் ஓட்டினேன். மலைச்சாலைக்கு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒப்பிடுவதற்காக இசுஸூ வி-கிராஸ் 1.9 லிட்டர் பிக்கப்பையும், ஹூண்டாய் கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

அளந்தது எப்படி?

மீட்டர் திரையில் தெரியும் மைலேஜை நான் கணக்கில் எடுக்கவில்லை. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய முறைதான் இன்றைக்கும் நம்பகமானது. ஆனால் அதிலும் கவனம் வேண்டும். டீசல் நுரைக்கும். பங்க் ஊழியர் நாஸிலை முழுவேகத்தில் பிடித்தால் நுரை மேலே வந்து ஆட்டோ கட் முன்னதாகவே விழுந்துவிடும். அடுத்தமுறை மெதுவாக நிரப்பினால் கூடுதலாகப் பிடிக்கும். வண்டி ‘குறைவாகக் கொடுத்ததாக’க் கணக்கு காட்டும். அதனால் ஒரே பங்க், ஒரே நாஸில், மெதுவான வேகம், முதல் கட் விழுந்ததும் நிறுத்தம் என்று கடைசி வரை ஒரே மாதிரி வைத்துக்கொண்டேன்.

தூரமும் முக்கியம். நிரப்புவதில் அரை லிட்டர் முன்பின் ஆகும் என்று வையுங்கள். 4 லிட்டர் செலவழித்த ஓட்டத்தில் அது 12 சதவீதத்துக்கு மேல் பிழை. 40 லிட்டர் செலவழித்த ஓட்டத்தில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சொல்லும் மைலேஜுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்வது இதனால்தான். ஓடோமீட்டரையும் நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

இப்படி அளந்தபோது, நான்கு வண்டிகளிலுமே திரை சொன்னதைவிடப் பங்க் கணக்கு குறைவாகத்தான் வந்தது. உங்கள் வண்டியிலும் திரையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள்.

நகரத்தில்

சிக்னலும் நெரிசலும் நிறைந்த ஓட்டத்தில் ஏசி போட்டபடி ஹைலக்ஸ் லிட்டருக்கு 9-10 கிலோமீட்டர் கொடுத்தது. ஃபார்ச்சூனரும் அதே அளவில்தான் நின்றது. வி-கிராஸ் அதைவிட ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதல். கிரெட்டா 13-14.

காரணம் எடைதான். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் இரண்டும் 2 டன்னைத் தாண்டியவை. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த எடையை நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். அடுத்த சிக்னலில் அந்த வேகம் முழுவதையும் பிரேக்கில் சூடாக்கி விரயம் செய்ய வேண்டும். பின்னால் இருப்பது இருக்கையா, லோடு பாடியா என்பது இங்கே பொருட்டே இல்லை.

நகர ஓட்டத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைத்துகள்களைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் கூடுதல் டீசல் செலவழித்துத் துகள்களை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் மைலேஜ் சட்டென்று இறங்கும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று குறுந்தூரம் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று, அடிக்கடி திரும்ப நடக்கும். அப்படிப்பட்ட ஓட்டம்தான் உங்களுடையது என்றால் டீசல் பிக்கப்பும் வேண்டாம், டீசல் எஸ்யூவியும் வேண்டாம்.

நெடுஞ்சாலையில்

80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனபோது ஹைலக்ஸ் 14-ஐ ஒட்டி நின்றது. ஃபார்ச்சூனர் அதைவிட ஒரு நூலிழை மேலே. 100-க்கு ஏற்றியதும் இரண்டும் 12-13க்கு இறங்கின. ஆக, பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைவிட 80-க்கும் 100-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரிது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்குமேல் ஆகிவிடும். 120-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. நான்குவழிச் சாலையில் மத்திய அரசு கார்களுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 100-தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உயரமும் அகலமுமான முகப்போடு காற்றைக் கிழிக்கும் இத்தகைய வண்டிகளுக்கு வேகத்தின் விலை, தாழ்வான செடான்களைவிட அதிகம்.

பிக்கப் ஓட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: லோடு பாடியின் பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும், மைலேஜ் கூடும் என்பது. உண்மை நேர்மாறு. கதவு மூடியிருக்கும்போது பாடிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது. மேலே வரும் காற்று அந்தச் சுழலின் மேல் வழுக்கிக்கொண்டு பின்னால் போகிறது. கதவை இறக்கினால் அந்தச் சுழல் குலைந்து இழுவை கூடும். கதவை மூடியே வையுங்கள். பாடிக்கு மேல் இறுக்கமான மூடி போட்டால் சிறிது பயன் உண்டு.

மலையிலும் லோடிலும்

பிக்கப்பை வெறும் பாடியோடு ஓட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்வது நியாயமாகாது. ஹைலக்ஸில் 50 கிலோ உரமூட்டைகள் ஆறை ஏற்றி ஓட்டினேன். சமதளத்தில் 80-ல் போகும்போது அந்த 300 கிலோ மைலேஜில் தெரியவே இல்லை எனலாம். வெறும் பாடியோடு பள்ளங்களில் துள்ளிய பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்மேல் அடங்கி உட்கார்ந்து, பயணம் இன்னும் சொகுசாகக்கூட ஆனது.

மலையில் கதை வேறு. 300 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய கால் லிட்டர் டீசல் போதும். ஆனால் வண்டியையும் ஆட்களையும் சேர்த்து 2,300 கிலோவை அதே உயரத்துக்கு ஏற்ற 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். டயர் உராய்வு, காற்று எதிர்ப்பு எல்லாம் இதற்குமேல். ஆக, மலையேற்றத்தில் டீசலைத் தின்பது நீங்கள் ஏற்றிய மூட்டை அல்ல, வண்டியின் சொந்த எடை. வெறும் பாடியோடு ஏறி இறங்கும் பிக்கப் வீண்செலவு. லோடோடு ஏறும் பிக்கப், சுமக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்தால் மிகச் சிக்கனம். தேயிலை, ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் பிக்கப்பை விடாமல் வைத்திருப்பதில் நல்ல கணக்கு இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். சறுக்கும் சேறு முடிந்து தார்ச்சாலைக்கு வந்ததும் ஃபோர் வீல் டிரைவை எடுத்துவிட்டு டூ வீலுக்கு மாறுங்கள். டீசலும் மிஞ்சும், டிரான்ஸ்ஃபர் கேஸும் பிழைக்கும். தோற்றத்துக்காகப் பெரிய ஆல் டெரெய்ன் டயர் மாட்டினால் உருளும் எதிர்ப்பு கூடி மைலேஜ் இறங்கும். சுற்றளவு கூடிய டயரில் ஓடோமீட்டரும் தூரத்தைக் குறைத்துக் காட்டும் என்பதால், கணக்கு இன்னும் மோசமாகத் தெரியும்.

சான்றிதழ் எண்ணும் சாலை எண்ணும்

கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு, வண்டிகளைச் சோதிக்கும் அராய் அமைப்பு தந்த சான்று லிட்டருக்கு 19.1 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் அதை ஒட்டி வரவும் செய்கிறது, நகரத்தில் வராது. சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், உருளைகள்மேல், ஏசி இல்லாமல். அதன் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். ஏப்ரல் வெயிலில் ஏசியைக் குறைக்க முடியாத நம் ஊர் ஓட்டத்தை அந்த எண் பிரதிபலிக்காது. வண்டிக்கு வண்டி ஒப்பிட மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

ஒப்பிடும்போதும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். 8 கொடுக்கும் வண்டி 10 கொடுக்க ஆரம்பித்தால் 100 கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் மிச்சம். 18 கொடுப்பது 20 ஆனால் மிச்சம் அரை லிட்டரைச் சற்றே தாண்டும். கூடுவது இரண்டிலும் அதே 2 கிலோமீட்டர்தான். அதனால் கனமான வண்டி வைத்திருப்பவர்கள்தான் டயர் காற்றையும் வேகத்தையும் அதிகம் கவனிக்க வேண்டும்.

தீர்ப்பு

ஹைலக்ஸா, ஃபார்ச்சூனரா என்று தயங்குகிறவர்கள் மைலேஜை மறந்துவிடலாம். ஒரே இன்ஜின், ஏறக்குறைய ஒரே எடை. டீசல் செலவும் ஒன்றுதான். ஏழு பேர் போக வேண்டும் என்றால் ஃபார்ச்சூனர். மூட்டை, கருவி, விளைபொருள் என்று பாடி அடிக்கடி நிறையும் என்றால் ஹைலக்ஸ். அதே வேலைக்கு இன்னும் சிக்கனம் வேண்டும் என்றால் வி-கிராஸ்.

ஏழு பேரும் இல்லை, மூட்டையும் இல்லை, கம்பீரமும் உயரமான இருக்கையும் போதும் என்றால், நடுத்தர எஸ்யூவி எடுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 12 கொடுக்கும் வண்டிக்கு மாதம் 11,500 ரூபாய். 18 கொடுக்கும் வண்டிக்கு 7,700 ரூபாய்க்குள். வருடத்துக்கு 46,000 ரூபாய் வித்தியாசம். அந்தப் பணத்துக்கு ஈடான வேலையை லோடு பாடியோ மூன்றாவது வரிசையோ உங்களுக்குச் செய்து தருமானால் தயங்காமல் பெரிய வண்டியை வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.