கருங்கல் தொட்டியும் சார்னக்கின் மகள்களும்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயத்தில், பல்லாவரத்துக் கருங்கல்லைக் குடைந்து செய்த ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது. அந்த ஆலயத்தை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் பெயர்களின் பின்னே போனார்கள். ஃபிராங்க் பென்னி 1904இல் சென்னைத் திருச்சபையின் வரலாற்றை எழுதினார். ஹென்றி டேவிசன் லவ் 1913இல் பழைய சென்னையை நான்கு தொகுதிகளில் எழுதினார். பதிவேடு, கல்லறை, ஆளுநர், பாதிரியார் என்று விரியும் உலகம் அது. கல்லை ஆராய்ந்தவர்கள் வேறொரு கூட்டம். இரு தரப்பையும் சேர்த்துப் படிக்காமல் இந்தத் தொட்டியின் வரலாறு முழுமை பெறாது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கிலாந்தில் தொட்டிக்கென்று தனிப் படிப்பே உண்டு. ஃபிரான்சிஸ் பாண்ட் 1908இல் தொட்டிகளையும் அவற்றின் மூடிகளையும் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். மந்திரவாதத்துக்காக யாரும் நீரைத் திருடிவிடக் கூடாதென்று தொட்டிகளைப் பூட்டிவைக்கச் சொன்ன 1236ஆம் ஆண்டின் கட்டளையிலிருந்துதான் மூடியின் கதை வளர்கிறது. ஒவ்வொரு கோயிலிலும் கல் தொட்டி இருக்க வேண்டும் என்றது 1603இன் திருச்சபைச் சட்டம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தூய்மைவாதிகள் பழைய தொட்டிகளை ஒதுக்கிவிட்டுச் சாதாரணப் பாத்திரத்தில் நீர் வைத்தார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் தொட்டிகளும் திரும்பின. சென்னையில் ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் 1678 மார்ச் 25 அன்று தொடங்கிவைத்த ஆலயம் 1680 அக்டோபர் 28இல் அர்ப்பணிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அந்தச் சண்டை ஓய்ந்து அப்போது இருபதே ஆண்டுகள். கல் தொட்டி வைப்பது அன்று ஒரு நிலைப்பாடாகவும் இருந்தது.

இனிக் கல்லுக்கு வருவோம். இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல், மணற்கல் தொட்டிகள் பலவற்றுக்கு உள்ளே ஈயத்தகடு பதித்தார்கள்; அந்தக் கல் நீரை உறிஞ்சும். நம் கருங்கல்லுக்கு அந்தத் தேவையில்லை. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் இறுகிய பாறை இது. உளி எளிதில் ஏறாது, நீரும் ஏறாது. வேப்பந்தட்டையிலிருந்து மேற்கே தெரியும் பச்சைமலையும் பெரும்பாலும் இதே இனப் பாறைதான். பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளில் ஜல்லியாக உடைபடும் கல்லைப் பார்த்தவர்களுக்கு, இதில் ஒரு தொட்டியைக் குடைந்தெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பாறையின் பெயருக்குப் பின்னே ஒரு மனிதர் இருக்கிறார். வங்கத்தில் முகலாயர்களோடு மோதி, அங்கிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு 1689இல் சென்னை வந்து சேர்ந்தார் கம்பெனியின் வங்கத் தலைவர் ஜாப் சார்னக். இந்தியப் பெண்ணுக்கும் அவருக்கும் பிறந்த மேரி, எலிசபெத், கேத்தரின் என்ற மூன்று பெண்களும் அந்த ஆண்டு ஆகஸ்டில் புனித மேரி ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 24இல் சார்னக் சுதாநுட்டியில் கரையிறங்கினார். பின்னாளில் கல்கத்தாவாக வளர்ந்த இடம் அது. 1693 ஜனவரியில் அங்கேயே இறந்தார். மேரியை மணந்த சார்லஸ் அயர் மாமனாருக்கு எழுப்பிய கல்லறை மண்டபம் கல்கத்தா புனித ஜான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. அதிலுள்ள கல்வெட்டுப் பலகை சென்னைப் பக்கத்துப் பாறையில் வெட்டியது. சில ஆண்டுகளில் மேரியும் கேத்தரினும் அதே மண்டபத்தில் அடக்கமானார்கள்.

இரு நூற்றாண்டு கழித்து, 1893இல், அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறை வகைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். கல்லறையை வைத்துப் பாறைக்குப் பெயர் வந்த கதையை நிலவியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். ஆனால் அந்த மனிதரின் மகள்கள் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியும் அதே பாறைதான் என்பது அந்தப் பாடத்தோடு சேர்ந்து வர வேண்டும். பல்லாவரத்தில் பாறையைப் பார்க்கப் போகும் மாணவர்களைக் கோட்டைக்கும் கூட்டிப்போகலாம். அவர்கள் படிக்கும் பாறையில் தமிழ்நாட்டுக் கல்தச்சர் கை பட்ட துண்டு அங்கே இருக்கிறது.