ஒரே கேமரா, இரண்டு தொழில்

2013 மே 30 அன்று சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியது. புலிட்சர் பரிசு பெற்ற ஜான் எச். வைட்டும் அவர்களில் ஒருவர். வாசகர்கள் செய்தியோடு வீடியோவை மேன்மேலும் எதிர்பார்க்கிறார்கள் என்று நிர்வாகம் காரணம் சொன்னது. பிறகு செய்தியாளர்களுக்கு ஐபோனில் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். புகைப்படக்காரர் போன இடத்துக்கு வீடியோகிராஃபர் வந்து சேரவில்லை. இரண்டு வேலையும் எழுதுகிறவர் தலையில் கூடுதல் சுமையாக ஏறின.

போட்டோவா, வீடியோவா என்ற கேள்வி கேமராவைக் கையிலெடுக்கும் ஒவ்வோர் இளைஞர் முன்னாலும் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு விடை சொல்வது பெரும்பாலும் கல்யாண மண்டபம்தான். பத்திரிகை, சினிமா, விளம்பரம் என்று போகிறவர்கள் சிலர். மற்றவர்களுக்கெல்லாம் சோறு போடுவது முகூர்த்த நாள்கள். ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டூடியோக்கள் ஈயோட்டுவதும், வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று ஆர்டர் வந்து ஆள் கிடைக்காமல் தவிப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. அந்த மண்டபம் இன்று தரும் விடை, "ரெண்டையும் நீங்களே பண்ணிடுங்க" என்பது. தொழில் அதை ஏற்றுக்கொண்டும்விட்டது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு ஓர் ஆண்டைச் சுட்டிக்காட்ட முடியும். 2008இல் நிக்கான் டி90, வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவாக வந்தது. சில மாதங்களில் கேனான் 5டி மார்க் 2 முழு எச்டி வீடியோவோடு வந்தது. அதற்குமுன் போட்டோ கேமரா வேறு, வீடியோ கேமரா வேறு, அவற்றைப் பிடிக்கிற ஆளும் வேறு. எண்பதுகளில் விஎச்எஸ் கேமராவைத் தோளில் சுமந்து, ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் பையனோடு வந்த வீடியோக்காரர், ஸ்டூடியோ முதலாளியின் பார்வையில் துணைக்கு வந்தவர், போட்டோக்காரரே முதன்மை. 5டி மார்க் 2 அந்த வரிசையைக் குலைத்தது. முகம் துல்லியமாகவும் பின்னணி மங்கலாகவும் தெரியும் சினிமாத் தோற்றம், அதுவரை பெரும் வாடகைக்குக் கிடைத்த கேமராக்களின் சொத்தாக இருந்தது. அது சிற்றூர் ஸ்டூடியோவுக்கும் எட்டியது. 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு சீசன் இறுதிப் பகுதியே 2010இல் இந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது.

இந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. சினிமாவில் உதவியாளராகச் சேர வழியில்லாத எத்தனையோ பேர் அசையும் படத்தின் மொழியைக் கற்றது இந்தக் கேமராக்களில்தான். இன்று தமிழில் குறும்படம் எடுக்கிறவர்களில் கல்யாண வீடியோவில் கைபழகியவர்களும் உண்டு.

ஆனால் கேமரா ஒன்றானதால் தொழிலும் ஒன்றாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்ததில்தான் பிழை தொடங்குகிறது. கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில நொடிகளை எடுத்துக்கொண்டால் போதும். மணமகன் தாலி கட்டுகிறான். எல்லாத் திசையிலிருந்தும் அட்சதை விழுகிறது. புகைப்படக்காரர் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஷட்டரை வைத்தால் ஒவ்வோர் அரிசியும் தனித்தனியாக அந்தரத்தில் நிற்கும். வீடியோவில் நொடிக்கு 25 பிரேம். அசைவு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் அட்சதை கோடுகளாக இழுபடும். ஓடும் படத்தில் அந்த இழுபடலே அழகு. நிறுத்திப் பார்த்தால் மங்கல். ஷட்டரை ஐந்நூறுக்கு ஏற்றி வீடியோ எடுத்தாலோ அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

"4கே வீடியோவிலிருந்து ஒரு பிரேமை எடுத்துக்கொள்ளலாமே" என்று வாடிக்கையாளர் கேட்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 4கே பிரேம் என்பது சுமார் 83 லட்சம் பிக்செல். சிறிய பிரிண்டுக்கு அது போதும். 8கேயில் மூன்று கோடியைத் தாண்டும். ஆல்பத்தின் இரண்டு பக்கத்தை நிரப்பும். குறை பிக்செலில் இல்லை, ஷட்டரில் இருக்கிறது.

விளக்கு விஷயத்திலும் இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை. வீடியோவுக்கு நின்று எரியும் எல்இடி வெளிச்சம் வேண்டும். நேர் எதிரே வைத்தால் அது முகத்தின் மேடு பள்ளங்களைத் தட்டையாக்கும். போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டும். அது வெட்டும்போதெல்லாம் வீடியோவில் பாதிப் பிரேம் வெளுத்து ஒரு பட்டை விழும். நிற்கும் விதமும் வேறு. புகைப்படக்காரர் குனிந்து, நகர்ந்து, ஐயர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, தன் நொடியைத் தேடிக்கொண்டே இருப்பார். வீடியோகிராஃபர் ஓரிடத்தில் மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். அவருடைய காது நாதஸ்வரத்தின் மீதும் மைக்கின் மீதும் இருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யும்போது, அந்த முகூர்த்தத்தில் ஏதோ ஒன்றைக் கைவிட்டே தீருவார். எதைக் கைவிட்டார் என்பது ஆல்பமும் வீடியோவும் கைக்கு வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும்.

கலை என்ற அளவில் இரண்டின் பலமும் பலவீனமும் எங்கே பிரிகின்றன என்பதற்கு 1968 பிப்ரவரி 1 அன்று சைகோன் நகரத் தெருவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தென்வியட்நாம் காவல்துறைத் தலைவர் நுயென் நாக் லோன், கைகள் கட்டப்பட்ட ஒரு வியட்காங் கைதியைத் தலையில் சுட்டார். அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் எடி ஆடம்ஸ் அதைப் படமெடுத்தார். பக்கத்திலேயே என்பிசி தொலைக்காட்சிக்காக வோ சூ அதை வண்ணத்தில் படம்பிடித்தார். அந்த அசையும் படத்தில் முன்னும் பின்னும் உண்டு. கைதியை அழைத்து வருவது, அவர் சாய்வது, குருதி பெருகுவது எல்லாம் உண்டு. ஆனாலும் உலகத்தின் நினைவில் நின்றது ஆடம்ஸின் ஒற்றைப் படம். 1969இல் அதற்குப் புலிட்சர் கிடைத்தது. சாவுக்கும் உயிருக்கும் இடையிலான அந்த முகத்தை அசையும் படம் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. புகைப்படம் நகர மறுத்தது.

அந்த மறுப்பே புகைப்படத்தின் குறையும் ஆயிற்று. அந்தப் படம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்று ஆடம்ஸ் பின்னாளில் எழுதினார். லோனின் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு நொடியாக உறையவைத்துவிட்டதற்காக அவரிடம் வருத்தமும் தெரிவித்தார். முன்னும் பின்னும் இல்லாத படத்துக்குப் பார்ப்பவரே முன்னும் பின்னும் எழுதிக்கொள்கிறார்.

மறுபக்கம், 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் காவலர் முழங்காலை ஊன்றியதை, அப்போது 17 வயதான டார்னெல்லா ஃபிரேசியர் தன் கைபேசியில் பதிவுசெய்தார். அதைப் புகைப்படமாக மட்டும் எடுத்திருந்தால் கைது நடவடிக்கை என்றே விளக்கம் சொல்லியிருப்பார்கள். ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அந்த முழங்கால் எழவில்லை என்பதுதான் குற்றம். நேரத்தின் நீளத்தையும் மூச்சுத் திணறும் குரலையும் காட்ட அசையும் படத்தால்தான் முடியும். 2021இல் புலிட்சர் குழு ஃபிரேசியருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

இதே வேறுபாடு கல்யாண வீட்டிலும் உண்டு, அடங்கிய குரலில். உறவினர் வந்தால் கைக்கு வருவது ஆல்பம். மூன்று மணிநேர வீடியோவை முழுதாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. விஎச்எஸ் கேசட்டில் பூஞ்சை படிந்துவிட்டது. விசிடியை இயக்கும் கருவி வீட்டில் இல்லை. பென்டிரைவ் எங்கே என்று யாருக்கும் நினைவில்லை. எழுபதுகளின் கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்குக் கண்ணைத் தவிர எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனால், பிள்ளைகள் அந்தப் பழைய கேசட்டைத் தூக்கிக்கொண்டு டிஜிட்டலாக மாற்றித் தரும் கடையைத் தேடி அலைவார்கள். அவர் குரல் அதில்தான் இருக்கிறது. பந்தியில் நின்று, "இன்னும் கொஞ்சம் சாம்பார் போடுப்பா" என்று அவர் சொன்னது எந்த ஆல்பத்திலும் இல்லை.

வருமானம் என்று வந்தால் காலத்தின் காற்று வீடியோ பக்கம்தான் வீசுகிறது. 2010இல் புகைப்படங்களுக்காகவே தொடங்கிய இன்ஸ்டாகிராம், இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட அடுத்த மாதமே, 2020 ஜூலையில், ரீல்ஸைக் கொண்டுவந்தது. இன்ஸ்டாகிராம் இனிப் படம் பகிரும் செயலி அல்ல என்று அதன் தலைவர் ஆடம் மொசேரி 2021இல் வெளிப்படையாகவே அறிவித்தார். யூடியூப் தன் விளம்பர வருவாயில் வீடியோ போடுகிறவருக்குப் பங்கு தருகிறது. புகைப்படக்காரருக்கு அப்படி ஒரு வாசலை எந்தத் தளமும் அந்த அளவுக்குத் திறக்கவில்லை. இணையத்தில் சில்லறை விலைக்குப் படம் விற்றுவந்தவர்களின் பிழைப்பில், 2022க்குப் பின் செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களும் கைவைத்துவிட்டன.

ஆனால் வீடியோவில் வரும் தொகை அப்படியே கையில் நிற்பதில்லை. சாதாரண 4கே பதிவில் ஒரு கேமரா ஒரு மணிநேரத்துக்குச் சுமார் 45 ஜிபி தின்கிறது. அந்த இடத்தில் ஒரு கல்யாணத்தின் ரா படங்கள் முழுவதும் ஏறக்குறைய அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க், வேகமான கணினி, டிரோன், எடிட்டர் கூலி, பாட்டுக்கான உரிமம் என்று ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே போகும். பிறகு கரெக்‌ஷன். "மாமா வர்ற ஷாட் எங்கே, இந்தப் பாட்டை மாத்துங்க" என்று மூன்றாவது, நான்காவது முறை திருத்துவதற்குத் தனிக்கூலி கேட்கும் துணிவு பெரும்பாலானோருக்கு இல்லை. ஆல்பத்திலும் இழுபறி உண்டு: வீட்டார் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்வரை பாக்கித் தொகை வராது; சிலர் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் தேர்ந்தெடுப்பார்கள். எனினும் போட்டோவில் ஒருவர் தனியாக நின்று எடுத்து, திருத்தி, முடித்துக்கொடுக்க முடியும். வீடியோவில் எடுத்தவர் கையைவிட்டுப் படம் எடிட்டர் மேசைக்குப் போய்விடுகிறது. யாருடைய படம் அது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு உறுதியான விடை இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் பலர் அதை அறியாமலே காலத்தை ஓட்டுகிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர். அசையும் படத்தின் படைப்பாளியோ தயாரிப்பாளர். கேமராவைப் பிடித்தவர் என்ற முறையில் அவருக்கு அந்தப் பெயர் கிடையாது. 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்தின் உரிமைக்காலம் எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும்; அசையும் படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு மட்டுமே. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இரண்டுக்கும் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். ஆனால் அப்போதும் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை புகைப்படக்காரரிடமே தங்கும். தினக்கூலிக்கு வீடியோ எடுக்கிறவருக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. கூலி வீடியோவில், பெயர் போட்டோவில் என்று ஸ்டூடியோக்காரர்கள் பேச்சுவாக்கில் சொல்வதற்குச் சட்டமும் துணைநிற்கிறது.

இரண்டிலும் ஆழ்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. கே.வி. ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராகத் தொடங்கி, பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து, 'தேன்மாவின் கொம்பத்து' மலையாளப் படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார். இயக்குநரான பின் 2011இல் 'கோ' படத்தின் நாயகனைப் பத்திரிகைப் புகைப்படக்காரனாகவே படைத்தார். டேனிஷ் சித்திகி எதிர்த்திசையில் வந்தவர்: தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து ராய்ட்டர்ஸில் புகைப்படத்துக்கு மாறினார். ரோஹிங்யா அகதிகளைப் பற்றிய படங்களுக்காக 2018இல் புலிட்சர் பெற்ற குழுவில் இருந்தார். 2021இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். மதுரையின் எம். பழனிக்குமார், மலக்குழித் தொழிலாளர்கள் பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவாளர். அதே மனிதர்களைப் புகைப்படங்களாகவும் தொடர்ந்து பதிவுசெய்தவர். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். இவர்களில் எவரும் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பொத்தானையும் அழுத்தியவர்கள் அல்லர். ஒரு கலைக்கு ஒரு காலத்தை முழுதாகக் கொடுத்தார்கள். அல்லது ஒரே பொருளை இருமுறை, இருவேறு கண்ணோடு அணுகினார்கள்.

ஆகவே இத்தொழிலுக்கு வரும் இளைஞர் முதல் சில ஆண்டுகளைப் புகைப்படத்துக்குக் கொடுப்பதே நல்லது. சட்டகம், வெளிச்சம், பொறுமை ஆகிய மூன்றையும் அது குறைந்த செலவில் கற்றுத்தரும். பெயரும் அதில்தான் சேரும். வீடியோ ஆர்டர் வந்தால் விட வேண்டியதில்லை. அதற்கு இன்னொருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி விலை என்று எழுதிக் கொடுப்பதே முறை. எத்தனை முறை திருத்தித் தரப்படும், எடுத்தவர் தன் பெயரோடு படத்தை வெளியிடலாமா, உரிமை யாருக்கு என்பவையும் அதே தாளில் வர வேண்டும். ஸ்டூடியோ பில்லின் அடியில் வழக்கமாக அச்சாகியிருப்பது, அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது என்ற ஒரு வரிதான். அதற்குக் கீழே இந்த மூன்று வரிகளையும் சேர்க்க அச்சகத்தில் ஒரு ரூபாயும் கூடப்போவதில்லை.