மஞ்சள் கணக்கு

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பெரியவர். ரிடையர்டு பேங்க் ஆபீஸர். ஒரே மாதத்தில் மூன்று தடவை பால் பாக்கியைக் கொடுத்தார். மகன் பதறிப்போய் என்ன செய்தார்? ஞாபக சக்திக்கு மஞ்சள் சத்து மாத்திரை ஒரு டப்பா வாங்கி வந்தார். 'இயற்கைதானே சார், கெடுதல் பண்ணாது!'

விளம்பரம் காட்டிய ஆராய்ச்சி பொய்யில்லை. அதுதான் சிக்கலே. லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்தது; 2018-ல் வெளியானது. தினம் இரண்டு வேளை 90 மில்லிகிராம் குர்குமின், 18 மாதங்கள். சாப்பிட்டவர்களுக்கு ஞாபகச் சோதனையில் நல்ல முன்னேற்றம். சரி, எத்தனை பேரை வைத்து? மொத்தம் 40 பேர். அதிலும் ஒரு பாதிக்கு வெறும் டம்மி மாத்திரை. டிமென்ஷியா வந்தவர் யாருமே அதில் இல்லை.

நான் பி.காம். வரவு எழுதினால் பற்றையும் எழுதியாக வேண்டும். அல்ஸைமர் வந்துவிட்ட 36 பேரை வைத்து, சிலருக்கு டம்மி, மற்றவர்களுக்கு தினமும் 2 கிராம், 4 கிராம் என்று குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவு: பலன் தெரியவில்லை. ரத்தத்தில் அது சேர்ந்ததே கொஞ்சம்தான். ஜிங்கோ இலைச் சாறு கதை இன்னும் பெரிசு. அமெரிக்காவில் மூவாயிரத்துச் சொச்சம் முதியவர்கள் சுமார் ஆறு வருஷம் சாப்பிட்டார்கள், பாதிப் பேர் நிஜம், பாதிப் பேர் டம்மி. 2008-ல் கணக்கை முடித்தால், டிமென்ஷியா இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

'அப்போ ரசத்தில் மஞ்சளைக் கூட்டிவிடலாமா?' என்று கேட்காதீர்கள். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான். அதுவும் உடம்பில் லேசில் ஒட்டாது. 2018 ஆராய்ச்சியில் கொடுத்தது, நன்றாகச் சேரும்படி விசேஷமாகத் தயாரித்த சரக்கு.

இத்தனையும் அந்த டப்பாவில் இல்லை. நாற்பது பேர் என்ற எண்ணிக்கைகூட இல்லை. லாபத்தை மட்டும் காட்டும் பாலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போட்டுத் தருவாரா?

பெரியவருக்கு என்ன ஆச்சு? ஆறு மாதம் மாத்திரை தீர்ந்தது, மறதி தீரவில்லை. காலும் மரத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். சுத்த சைவம், சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின். இரண்டுமே பி-12 குறையக் காரணமாகலாம். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஊசி போட்டார்கள். இன்று பால் கணக்கு பைசா பிசகாமல் இருக்கிறது. கால் மரப்புதான் முழுசாகப் போகவில்லை. அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவது?

வீட்டில் யாருக்காவது புதிதாக மறதி வந்தால் முதலில் பி-12, தைராய்டு பாருங்கள். வேறு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுபவர் என்றால், டப்பாவைத் திறக்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

மஞ்சள் ரசத்திலேயே இருக்கட்டும். அங்கே அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.